அம்மா அனுப்பும் தண்ணீரைக் கொட்டிவிடு

சேகர், இது உன் நைனா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ‘ண’ வரும்போதெல்லாம் சுழியை எண்ணிக்கொண்டு நின்றுவிடுகிறேன். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எனக்கே வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் படித்துவிடு, மீதியைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் இது உன் கண்ணில் பட்டாக வேண்டும். அம்மா கேனில் அனுப்புகிற தண்ணீரை, மாசமாக இருக்கிற கலைச்செல்வி இனிமேல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. வீட்டில் இருப்பதைக் கொட்டிவிடு. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே, அதில் இருப்பது காய்ச்சினால் போகாது. செடிக்கும் ஊற்றாதே, சாக்கடையில் கொட்டு. மற்றதை நீ மெதுவாகப் படிக்கலாம். நானும் மெதுவாகத்தான் எழுதுவேன், வேறு மாதிரி எனக்கு வராது.

போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் சொன்னேனே. “வேலைல இருக்கேன் நைனா, அப்பறம் பேசறேன்” என்றாய். சாயங்காலம் நானே திரும்பக் கூப்பிட்டேன். பாதி கேட்டுவிட்டு, “நாலு எழுத்து கத்துக்கினதும் சயின்டிஸ்ட் ஆயிட்டியா நைனா?” என்றாய். பக்கத்தில் கலை சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன். அவள் உயிர் சம்பந்தமான விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, சிரித்து முடித்துவிட்டேன் பார். அப்புறம் “அம்மாகிட்ட குடு” என்றாய், கொடுத்தேன். “அவரு கெடக்கறாரு. தண்ணிய மறக்காம குடிக்கச் சொல்லு அவள” என்று அம்மா சொன்னாள். காகிதத்தில் எழுதினால் நீயும் குறுக்கே பேச முடியாது, அவளும் பிடுங்கிப் பேச முடியாது. அதற்காகத்தான் இது.

நான் எழுதக் கற்றுக்கொண்ட கதையை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். அம்மா வர மாட்டேன் என்றாள், நான் போனேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு எழுத்துக் கூட்டினோம். ஒருநாள் திடீரென்று எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டது சேகர். பஸ், கடை, சுவர், பிஸ்கட் காகிதம், எதைப் பார்த்தாலும் அது என்னிடம் ஏதோ சொல்கிறது. செங்கம் ரோட்டில் நான் தோட்ட வேலை பார்க்கிற விடுதியில், மல்லிகைப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. அதன் மேல் கூடையை மாட்டி வைத்துவிட்டுத்தான் இத்தனை வருஷமும் உன் அம்மாவுக்குப் பூப் பறித்திருக்கிறேன். ஒருநாள் கூடையை எடுத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தால், ‘பூக்களைப் பறிக்காதீர்கள்’ என்று இருக்கிறது. பயந்துபோய் விடுதிக்கார அம்மாவிடம் சொன்னேன். “அந்த போர்டே உங்களுக்காக வெச்சதுதான் பெரியவரே” என்று அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. படித்துவிட்டோமே என்று அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு உனக்கு முதல் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். பேரப்பிள்ளை பிறந்ததும் அதற்கு ஒரு பெயரைப் பொறுக்கி, பெரிய எழுத்தில் எழுதி அனுப்ப ஆசைப்பட்டேன். எழுத நேர்ந்தது இது.

நம் வீட்டு நந்திக் குழாயைப் பற்றி உனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அது வந்தபோது நீ சின்னவன். அதற்கு முன்னால் அம்மா தண்ணீருக்காக எங்கெங்கே நடந்தாள் என்பதை இன்றைக்கு அடி அண்ணாமலையில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. நீ வயிற்றில் இருந்தபோதும் சுமந்தாள். பஞ்சாயத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறார்கள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எல்லோரும் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார்கள். “என் வீட்டுக்கு கங்கையே நடந்து வர்றா, அவளுக்கு பிளாஸ்டிக் வாசப்படியா?” என்று கேட்டாள். ஓட்டைத் தவலை, உடைந்த விளக்கு, காது போன அண்டா, வீட்டில் இருந்த பழைய பித்தளையை எல்லாம் மூட்டை கட்டி என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பித்தளை வார்க்கிற கன்னாரிடம் கொடுத்தாள். நந்தி முகம் வேண்டும், வாயிலிருந்து தண்ணீர் விழ வேண்டும் என்றாள். கன்னார் நல்ல வேலைக்காரர். “கொஞ்சம் காரீயம் சேத்துக்கறேன்மா, அப்பதான் பித்தளை நல்லா ஓடி மூஞ்சி தெளிவா வரும்” என்று சொல்லிவிட்டுத்தான் சேர்த்தார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்று தலையாட்டினோம். வீட்டில் மாட்டும்போது பைப்போடு அது சரியாகப் பொருந்தவில்லை. அந்த இடுக்கிலும் அவர்தான் வந்து காரீயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்தார். நெருப்பை ஊதியது நான். வேலை முடிந்து தாடைக்குக் கீழே இருந்த திருகைத் திறந்தபோது நந்தி வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. தெருவே கைதட்டியது. நீயும் தட்டினாய்.

அன்றைக்கே அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால் குளித்துவிட்டு, நந்திக்குப் பொட்டு வைத்து, முதல் சொம்பை அவள் பிடிப்பாள். அது சாமிக்கு. படைத்த பிறகு அந்தத் தண்ணீர் தீர்த்தம். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, யார் பரீட்சைக்குப் போகிறார்களோ, யார் மாசமாக இருக்கிறார்களோ அவர்களுக்கு. கலைக்கு வருகிற கேனும் அதைத் தினமும் சேர்த்து நிரப்பியதுதான். எச்சில் கை படாத, இன்னொருவர் தொடாத தண்ணீர் என்பதுதான் அவளுக்கு அதன் பெருமை. நம் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறதா, பௌர்ணமிக்கு வருகிற ஜனம் நந்தியைப் பார்த்ததும் நின்றுவிடும். குடித்துவிட்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுப் போவார்கள். அந்த ஒரு நாளுக்காக மாசம் முழுக்க உயிரோடு இருப்பவள் மாதிரி இருப்பாள்.

இப்போது விடுதியில் நடந்ததைக் கேள். அங்கே தங்க வருகிறவர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று, தண்ணீர் பரிசோதனை செய்கிற இடத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “உங்க வீட்டுத் தண்ணியும் கொண்டாங்களேன், சேத்துப் பாத்துடறேன்” என்றாள். நம் தண்ணீரைப் புகழ்ந்து சொல்வாள், அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று, முதல் சொம்பிலிருந்தே ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

“பெரியவரே, இந்தத் தண்ணிய யாரு குடிக்கறாங்க?”

“சாமிக்குப் படைச்சிட்டு நாங்க குடிக்கறோம்மா. மருமக மாசமா இருக்கு, அதுக்கும் அனுப்பறோம்.”

இன்னொரு பாட்டில் வேண்டும், குழாயைத் திறந்து நல்ல நேரம் ஓடவிட்ட பிறகு பிடித்துக் கொடுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்தும் ஒன்று கேட்டாள். எல்லாம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீரில் குறை இல்லை. ஓடவிட்டுப் பிடித்ததில் கொஞ்சம்தான். “தண்ணி மேல தப்பில்ல பெரியவரே, உங்க குழாய்தான். அதுல இருக்கற காரீயம் தண்ணில எறங்குது. சாயங்காலம் மூடினா காலையில வரைக்கும் அந்த நந்தி தலைக்குள்ள தண்ணி நிக்குது இல்ல? மொதல்ல புடிக்கறதுதான் ரொம்ப மோசம்” என்றாள். பார்த்தாலும் தெரியாது, குடித்தாலும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது, பெரியவர்களுக்கே ஆகாது, வயிற்றில் இருக்கிற குழந்தையின் மூளைக்கு ஆகவே ஆகாது என்றாள். ‘மொதல்ல புடிக்கறது’ என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அந்தப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள், என்னால் வாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“ஈயம் பூசின தவலைலதான் உங்கம்மா சோறாக்கிப் போட்டா. நீ செத்தா பூட்ட?”

“அது வேற ஈயம் அம்சா. அது வெள்ளை, இது கருப்பு.”

“ஆமா, எல்லாம் படிச்சிட்டல்ல. யாரு சொன்னது, அந்த விடுதிக்காரியா? தண்ணிய கடையில வாங்கிக் குடிக்கறவ பேச்சைக் கேட்டுக்கினு வந்து என் சாமிய குத்தம் சொல்றியா? பௌர்ணமிக்கு எத்தினி ஜனம் குடிச்சிட்டுப் போவுது! அத்தினி பேரும் ரோட்டுல விழுந்து கெடக்கறாங்களா?”

“உடனே தெரியாதாம். உள்ளயே தங்கிடுமாம்.”

“உனக்குத்தான் உள்ள என்னமோ தங்கிடுச்சி.”

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் ஓடிப்போய் நந்தி மேல் முதுகைச் சாய்த்து ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “கழட்டு. மொதல்ல என்ன நவுத்து, அப்பறம் அத கழட்டு” என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட என்னால் முடியவில்லை சேகர். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து தனக்காக ஒன்றும் கேட்காதவள். இந்த வீட்டில் அவள் கேட்டு வாங்கியது இந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் திருட்டு வேலை செய்தேன். கேனைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போய் டிரைவரிடம் கொடுப்பது என் வேலைதானே. வழியில் விடுதிக்குள் நுழைந்து அதைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, அங்கே சுத்தம் செய்கிற மிஷின் தண்ணீரை நிரப்பி அனுப்பினேன். கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். சாமி பெயரில் பொய் அனுப்புகிறோம் என்று மனசு குத்தியது, குத்தட்டும் என்று விட்டேன். ஆனால் கலை அம்மாவுக்குப் போன் போட்டு, “தண்ணி ருசியே மாறிடுச்சே அத்தே, வேற குழாய்லயா புடிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மறுவாரத்திலிருந்து கேனைப் பூ ஏற்றிக்கொண்டு சென்னை வருகிற நம் லோகுவின் வேனில் ஏற்றிவிட ஆரம்பித்தாள். நான் விழிப்பதற்குள் கேன் போய்விடுகிறது. முன்பாவது கொஞ்ச நாள் தடுத்தேன். நான் கெட்டிக்காரத்தனம் செய்யப் போய் இப்போது முழுதாக அதுவே வந்து சேர்கிறது.

கலை அதை ஏன் விட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். முதல் கேன் ஆவடிக்கு வந்த அன்று சாயங்காலம்தான் வயிற்றில் குழந்தை முதல் தடவை அசைந்தது. “அத்தே, உங்க தண்ணி உள்ள போனதும் எழுந்து உக்காந்துட்டான்” என்று அழுதுகொண்டே போன் செய்தாளே. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அந்த மாசத்தில் குழந்தை அசைவது வழக்கம்தான், எந்தத் தண்ணீர் குடித்தாலும் அசைந்திருக்கும். இதை அவளிடம் யார் சொல்வது? இரண்டு தடவை பிள்ளை கையில் வராமல் போனவளுக்கு இந்த அசைவு எவ்வளவு பெரியது!

அந்த இரண்டைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். இரண்டு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீ அப்போது டவுனில் கடை வேலையில் இருந்தாய், கலை நம்மோடு இருந்தாள். இரண்டு தடவையும் அவள் நம் வீட்டில்தான் மாசமாக இருந்தாள். இரண்டு தடவையும் அம்மா தினமும் முதல் சொம்பைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள். மசக்கையில் அவள் வாந்தி எடுத்தால் முதுகைத் தடவிவிட்டு, “இன்னும் ஒரு வாய்ம்மா, வெறும் வயித்துல குடிச்சாதான் பலன்” என்று குடிக்க வைத்தாள். பெற்ற மகளுக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். இரண்டும் தங்கவில்லை. அதன் பிறகு நீங்கள் ஆவடிக்குப் போனீர்கள். இந்தக் குழந்தை அங்கே, நம் தண்ணீர் வந்து சேராத மாசங்களில் வேர் பிடித்தது. நீ யோசித்துப் பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரிடம் கேட்டேன். “அதனாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது பெரியவரே, எத்தனையோ காரணம் இருக்கும். அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. இனிமே அந்தப் பொண்ணு அதக் குடிக்கக் கூடாது, ரத்தத்துல காரீயம் இருக்கான்னு உடனே பாக்கச் சொல்லுங்க” என்றார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் யாருக்கும் தெரியாதாம். தெரியாமலே நான் கண்ணை மூட வேண்டியதுதான்.

எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். வகுப்பில் அப்படித்தான் பழக்கினார்கள். மேலே இருப்பதை எழுதி முடித்துத் தலையைத் தூக்கினேன். அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“இன்னா எழுதின? மறுக்கா படி.”

“ஒண்ணுமில்ல அம்சா.”

“படிய்யா.”

படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது, அவள் காத்திருந்தாள்.

“அப்ப நான்தான் கொன்னேன்னு எழுதியிருக்க.”

“அப்பிடி எழுதல. தெரியலைன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க, அதத்தான் எழுதினேன்.”

“தெரியலைன்னா இன்னா அர்த்தம்? இருக்கும்னுதானே அர்த்தம்.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அரிசியைத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “ரெண்டாவது ஆம்பளப் புள்ளைன்னு நர்ஸு சொன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல. சேகருக்கும் தெரியாது” என்றாள். எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். எழுது என்றாள்.

பிறகு, “கலைக்கு போன் போடு” என்றாள். போட்டு அவளிடம் கொடுத்தேன். எனக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

“அத்தே! உங்களுக்கு நூறு ஆயுசு. இப்பதான் லோகு அண்ணன் கேன குடுத்துட்டுப் போறாரு.”

“சாப்ட்டியாம்மா?”

“சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?”

“ஆச்சு. கால் வீக்கம் இருக்கா?”

“கம்மியாயிடுச்சி அத்தே.”

“கலை, அந்தத் தண்ணி...”

“ஒரு நாள்கூட விடல அத்தே, வெறும் வயித்துலதான் குடிக்கறேன். இப்பகூட ஒதைக்கறான் பாருங்க, உங்க கொரல் கேட்டதும்.”

அம்மா போனை என் கையில் திணித்தாள். “இன்னா மாமா, அத்த ஒரு மாதிரி பேசறாங்க?” என்று கலை கேட்டாள். “ஒண்ணுமில்லம்மா, வெயிலு ஜாஸ்தி” என்றேன். வைத்துவிட்டேன். நானும் சொல்லவில்லை. இரண்டு கிழங்கள், ஒரு வார்த்தை வரவில்லை. “நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றாள். அவளைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நான் சொல்கிறதை எழுது என்றாள். அவள் சொன்னபடியே போடுகிறேன், ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. ‘கலை, அத்த சொல்றேன். மாமா சொல்லல, நான் சொல்றேன். அந்தத் தண்ணி வேணாம். கொட்டிடு. இத்தன நாள் குடிச்சதுக்கு டாக்டர்கிட்ட போயி ரத்தம் பாத்துக்கோ, நாளைக்கின்னு தள்ளாத. அவன் ஒதைக்கறது அவனோட தெம்பு, தண்ணியால இல்ல. என்ன திட்டணும்னா புள்ளையோட வந்து திட்டு.’ இதற்குப் பிறகு இன்னும் ஒரு வரி சொன்னாள், பாதியில் வேண்டாம் அடித்துவிடு என்றாள். கீழே அடித்திருப்பது அதுதான். அதை உற்றுப் பார்த்துப் படிக்காதே.

தெருவில் இருக்கிற வால்வை மூடிவிட்டேன். அவள் தடுக்கவும் இல்லை, வந்து பார்க்கவும் இல்லை. தண்ணீர் இப்போது பக்கத்து வீட்டிலிருந்து எடுத்து வருகிறோம். பௌர்ணமிக்கு ஜனம் வந்து நின்றால் என்ன சொல்வது என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளை இப்படி விட்டுவிட்டு வருவது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தபாலில் போட்டால் எப்போது வருமோ, அதற்குள் கலை எத்தனை டம்ளர் குடித்துவிடுவாளோ. அதனால் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆவடி பஸ் எது என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதை உன் கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே வராமல் இறங்கிப்போய் கீழ்ப் படியில் உட்கார்ந்துகொள்வேன். கோபம் என்று நினைக்காதே. உள்ளே வந்தால் கலை தட்டு வைப்பாள், வயிற்றைக் காட்டிச் சிரிப்பாள், நான் மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசிவிடுவேன். நீ சொல். நின்றுகொண்டு சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல். அத்தை சொன்னதை மட்டும் முதலில் படித்துக் காட்டு. அந்த இரண்டைப் பற்றி எழுதிய பக்கத்தை அவளிடம் காட்டுவதா, கிழித்துவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வயசில் பெரியவன் நான்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியவில்லை. உன்னிடம் விடுகிறேன். அவள் அழுதால் அழவிடு. ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கூட்டிப்போ, நானும் வருகிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் அல்லவா, எழுந்து போய் அதை எடு. உன் வீட்டுத் தொட்டியில் ஊற்றாதே, கீழே தூக்கிக்கொண்டு வா. நான் படியில்தான் இருக்கிறேன். என் கண் முன்னால் கவிழ்த்துவிடு. ஊருக்குத் திரும்பியதும் அம்மா வேறு எதுவும் கேட்க மாட்டாள். கொட்டினதைப் பார்த்தியா என்றுதான் கேட்பாள்.